பேத்திக்கு முதலில் தெரியும்

தர்மபுரி மாவட்டம் மொரப்பூர்ப் பக்கத்தில் தொடக்கப்பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் நிற்பவர்களைப் பார்த்தாலே ஊரின் நிலைமை புரிந்துவிடும். தாத்தாக்களும் ஆயாக்களும்தான் நிறைய. பிள்ளைகளின் அப்பா, அம்மா பலர் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள், இல்லையென்றால் பெங்களூரில் கட்டட வேலையில். சென்னை–சேலம் ரயில் பாதையில் இருக்கும் ஊர் என்பதால் திருப்பூருக்கு அதே தடத்தில் போய்விடலாம். பெங்களூருக்குத் தர்மபுரி போய் பஸ் மாறினால் போதும். மானாவாரி நிலம், மழையை நம்பிய கிணறு, மரவள்ளிக்கும் மாங்காய்க்கும் எந்த வருஷம் என்ன விலை கிடைக்கும் என்று சொல்ல முடியாத நிலை. எல்லாம் சேர்ந்து அரூர், மொரப்பூர், கம்பைநல்லூர் பக்கத்து இளவயதுக்காரர்களை வெளியூருக்குத் தள்ளுகின்றன. பிள்ளைகள் ஊரில் தங்கிவிடுகிறார்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆயா.

இந்த ஏற்பாடு முழுவதும் ஆயாவின் ஞாபகத்தை நம்பித்தான் நடக்கிறது. பையனுக்கு எந்த மாத்திரை ஆகாது, ரேஷன் கடையில் எப்போது சர்க்கரை போடுவார்கள், பேத்தியின் ஆதார் அட்டை எந்தத் தகரப்பெட்டியில் இருக்கிறது, அடுப்பை அணைத்தோமா என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான். அந்த ஞாபகம் தளரத் தொடங்கினால் வீட்டில் என்ன நடக்கும்? குறிப்பாக, அவரோடு ஒரே பாயில் படுத்துத் தூங்கும் பிள்ளைக்கு என்ன நடக்கும்? உலகம் முழுவதும் இதைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் எது நம் ஊருக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட வீடுகளில் நோயை முதலில் கண்டுகொள்வது குழந்தைதான். பராமரிப்பிலும் பெரும்பங்கு அதன் தலையில்தான் விழுகிறது. ஆனால் மருத்துவர், பள்ளி, சட்டம், உறவு என்று யாருமே அந்தக் குழந்தையிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

முதலில் நோயின் அளவைப் பார்ப்போம். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம், படிக்காதவர்களிடம் அதிகம் என்றும் அது சொன்னது. இந்த மூன்றையும் தர்மபுரி மாவட்டத்தில் வைத்துப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் இதுதான். மாநில சராசரி 80 சதவீதமாக இருந்தபோது இங்கே 68.5. இன்று எழுபது, எழுபத்தைந்து வயதில் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் ஆயாக்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடத்துப் படியையே மிதிக்காதவர்கள். கேரளாவுக்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் கூடிய மாநிலம் தமிழ்நாடு. 2021இல் அது 13.6 சதவீதம் இருக்கும் என்று மத்திய அரசின் கணிப்பு சொன்னது. ஆக, ஆபத்து அதிகமுள்ள கிராமத்துப் படிக்காத மூதாட்டியின் கையில்தான் குழந்தையை ஒப்படைத்துவிட்டு ஊர் வேலைக்குப் போகிறது.

இத்தனை பேருக்கு இருக்கிறதென்றால் ஏன் ஊரில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை? இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பதில் கிடைத்தது. 1998இல் தொடங்கிய 10/66 ஆய்வுக் குழு, வளரும் நாடுகளில் மறதி நோயைக் கணக்கெடுத்தது. மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தும், ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்டவே அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த இடங்களில் சென்னையும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களும் இருந்தன. 2008இல் முடிவுகள் வந்தபோது ஒரு புதிர் எழுந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் வழக்கமான அளவுகோலை வைத்தால், இந்தியக் கிராமத்தில் நோய் வெறும் 0.3 சதவீதம். எல்லா நாட்டுக்கும் பொருந்தும்படி அந்தக் குழுவே உருவாக்கிய அளவுகோலை வைத்தாலோ, எந்த இடத்திலும் அது 5.6 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை.

இந்த வித்தியாசத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று நம் வீடுகளைப் பற்றியது. நோய் என்று சொல்ல வேண்டுமானால், அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்கிறது என்று வீட்டார் சொல்ல வேண்டும். நம் வீட்டார் அப்படிச் சொல்வதில்லை. "வயசாயிடுச்சு, நெனப்பு தப்புது, அவ்வளவுதான்" என்பார்கள். பெரியவருக்குச் சோறு போடவும் குளிக்க வைக்கவும் ஆள் இருக்கிறபோது, அவரால் என்ன முடியவில்லை என்பது கண்ணில் படாமலே போகிறது. இதில் பாசமும் இருக்கிறது, பாசத்தினால் வந்த குருட்டுத்தனமும் இருக்கிறது.

அந்த ஆய்வுகளில் வீட்டார் என்று கேள்வி கேட்கப்பட்டவர்கள் பெரியவர்கள்தான், அதாவது மகன், மருமகள், மனைவி. மாதத்துக்கொரு முறை ஊருக்கு வந்து இரண்டு நாள் தங்கிப் போகும் மகனுக்கு என்ன தெரியும்? அம்மா கறிக்குழம்பு வைத்துக் கொடுத்தார், நன்றாகத்தான் பேசினார் என்று போய்விடுவார். பல நாள் கழித்து விருந்தாளி வந்ததும் நோயாளிகள் ஒருவிதமாகச் சுதாரித்துக்கொள்வார்கள் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். தினமும் கூடவே இருக்கும் பிள்ளைக்கோ அந்த மறைப்பு கிடையாது. ஒரே கதையை ஆயா மூன்றாவது முறையாகத் தொடங்குவதும், குழம்பில் இரண்டு தடவை உப்புப் போடுவதும், கடையில் கொடுத்த காசுக்கு மீதி எவ்வளவு என்று தெரியாமல் விழிப்பதும், தெரிந்த சந்துக்குள்ளேயே திகைத்து நிற்பதும் அதன் கண்ணுக்குத்தான் முதலில் படும். அது அம்மாவிடம் போனில் சொல்லியும் இருக்கும். "சும்மா இரு, ஆயாவப் பத்தி அப்படிப் பேசக்கூடாது" என்று அதட்டு விழுந்திருக்கும்.

பரிசோதனை முறையும் இதைச் சிக்கலாக்குகிறது. மேல்நாட்டு நினைவுத் தேர்வில் இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள், ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்று கேட்பார்கள். கையெழுத்துக்குப் பதில் ரேகை வைத்தே வாழ்ந்த மூதாட்டி இந்தத் தேர்வில் நல்ல நினைவோடு இருந்தாலும் தோற்றுப்போவார். ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் 1990களில் ஆராய்ந்தவர்கள் இதை உணர்ந்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்று கேள்விகளை மாற்றி இந்தியில் ஒரு தேர்வை உருவாக்கினார்கள். எனக்கு அது முன்மாதிரியாகத் தெரிகிறது. மொரப்பூர் ஆயாவிடம் ஆங்கிலத் தேதியைக் கேட்பதில் பொருளில்லை. ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போனோமா, தீர்த்தமலைக்குக் கடைசியாக யாரோடு போனோம், அடுத்த சந்தை என்றைக்கு, பேத்தி எத்தனாவது படிக்கிறாள் என்று கேட்டால் நிலவரம் தெரிந்துவிடும். ஆயா சொல்லும் பதில் சரியா தப்பா என்று சொல்லக்கூடிய ஆள் பக்கத்தில் நிற்கும் அந்தப் பேத்திதான்.

மொரப்பூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் பார்த்த ஒரு திண்ணையைச் சொல்கிறேன். புளி சீசன். தர்மபுரி மாவட்டத்தில் பல பெண்கள் வீட்டிலிருந்தபடியே புளி உடைத்து, கொட்டையும் நாரும் எடுத்துக் கொடுத்துக் கூலி வாங்குவார்கள். சாக்கைப் பிரித்துக் கொட்டியிருந்த புளிக்குவியலின் ஒருபக்கம் ஆயா, மறுபக்கம் நாலாவது படிக்கும் பேத்தி. ஆயா அவளைத் தன் மகளின் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். சிறுமி மறுத்துப் பேசவில்லை, "ம்" என்று நிமிர்ந்தாள். நான் யார் என்று ஆயா இரண்டு முறை கேட்டார், இரண்டு முறையும் பேத்தியே பதில் சொன்னாள். ஆனால் ஆயாவின் கையில் சுத்தி இருந்தவரை ஒரு தடுமாற்றமும் இல்லை. ஓடு நீங்கிய பழத்தைக் கல்லில் வைத்து ஒரே தட்டு, கட்டைவிரல் ஒரு அழுத்து, கொட்டை தெறித்துத் தனியாக விழும். அடுத்ததை எடுக்கக் கை போய்விடும். பேத்தி உடைத்ததில் கொட்டை பாதியாக நின்றால் வாங்கிச் சரி செய்து குவியலில் போட்டார். "இப்படிப் புடி கண்ணு, இல்லேன்னா வெரல்ல அடிச்சுக்குவே" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் மறதியின் நிழல்கூட இல்லை.

இது எப்படி? நினைவு என்பது ஒரே சரக்கு கிடையாது. நேற்று நடந்ததை நினைவில் வைப்பது வேறு, பொதுவாக உலகத்தைப் பற்றித் தெரிந்திருப்பது வேறு என்று கனடாவைச் சேர்ந்த எண்டல் டல்விங் 1972இல் பிரித்துக் காட்டினார். கை பழகிய வேலை இவை இரண்டிலும் சேராதது. மறதி நோயின் ஒரு வகையான அல்சைமரில் முதலில் அடிபடுபவற்றில் ஒன்று மூளையின் உட்பக்கத்தில் இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி. புதிய அனுபவங்கள் பதிவாவதற்கு அது வேண்டும். ஐம்பது வருஷம் புளி உடைத்த கையின் பழக்கமோ வேறு பகுதிகளில் தங்கியிருப்பதால் நெடுங்காலம் தாக்குப்பிடிக்கிறது. களி கிண்டுவது, பூக்கட்டுவது, தாலாட்டு, சாமி கும்பிடுவது எல்லாம் அப்படித்தான்.

இதைவிட முக்கியமான இன்னொன்று உணர்ச்சி. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 2014இல் ஒரு சோதனை செய்தார்கள். அல்சைமர் நோயாளிகள் 17 பேருக்கும் நோயில்லாத 17 பேருக்கும் சோகமான படத்துண்டுகளும் மகிழ்ச்சியான படத்துண்டுகளும் போட்டுக் காட்டினார்கள். சற்று நேரத்தில் நோயாளிகள் படத்தில் என்ன பார்த்தோம் என்பதையே பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். ஆனால் படம் உண்டாக்கிய சோகமும் மகிழ்ச்சியும் மனதில் தங்கியிருந்தன. படத்தை எவ்வளவு குறைவாக நினைவில் வைத்திருந்தார்களோ, அவ்வளவு அதிக நேரம் அவர்களிடம் சோகம் நீடித்தது. சின்னச் சோதனைதான், ஆனால் வீட்டில் இதன் பொருள் பெரிது. மாலையில் பேரன் மடியில் படுத்துக் கதை கேட்டது ஆயாவுக்கு ராத்திரி நினைவிருக்காது. அந்த ஒரு மணி நேரத்தின் இதம் இருக்கும். காலையில் மருமகள் கத்தியது நினைவிருக்காது. அந்தக் கசப்பு மதியம் வரை இருக்கும், எதனால் என்று தெரியாததால் யார்மேல் வேண்டுமானாலும் பாயும். "அவங்களுக்குத்தான் ஒண்ணும் ஞாபகம் இருக்காதே, திட்டினா என்ன" என்று சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

குழந்தைக்கும் நோயாளிக்கும் பொருத்தம் அமைவது இதனால்தான் என்று நினைக்கிறேன். பெரியவர்களின் பேச்சு முழுக்க முழுக்க நினைவைக் கேட்கிறது. "நேத்துச் சொன்னேனே", "மாத்திரை போட்டியா", "இது யாரு சொல்லு பார்ப்போம்." குழந்தை கேட்பது அந்த நேரத்தை மட்டும். பல்லாங்குழிப் பலகையில் காய் போட்டுக்கொண்டிருக்கும்போது யார் ஜெயித்தார்கள் என்பதை மறந்தாலும் ஆட்டம் நடக்கும். கேமரன் கேம்ப் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990களில் இதையே முறையாகச் செய்துபார்த்தார். மரியா மாண்டிசோரி குழந்தைகளுக்கென்று வகுத்த பயிற்சிப் பொருள்களைக் கொண்டு, மறதி நோயாளிகள் சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார். சொல்லிக்கொடுக்கும் நிலையில் இருந்தபோது அவர்கள் ஒதுங்கவில்லை, சோர்ந்து உட்காரவில்லை. புளி உடைக்கும் திண்ணையில் யாரும் திட்டம் போடாமலே அது நடந்துகொண்டிருந்தது.

பழைய கதைகளும் அப்படித்தான். சமீபத்தியது போய்விட்டாலும் சிறுவயதும் இளமையும் நெடுநாள் நிற்கும். மொரப்பூருக்கும் தர்மபுரிக்கும் இடையே 1906இல் ஒரு குறுகலான ரயில் பாதை ஓடத் தொடங்கி, பின்னால் ஓசூர் வரை நீண்டு, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் 1941இல் பெயர்த்தெடுக்கப்பட்டது. புதுப் பாதைக்கு 2019இல்தான் அடிக்கல் நாட்டினார்கள். அந்தச் சின்ன ரயிலைப் பற்றித் தங்கள் அப்பா, அம்மா சொன்ன கதைகள் இன்றைய எண்பது வயதுக்காரர்களிடம் இருக்கும். பேரன் கேட்டால் அவர் சொல்லும் ஆளாகிறார், சோதிக்கப்படும் ஆளாக இருப்பதில்லை. இந்த நிலை மாற்றம் பெரியவருக்குத் தரும் கண்ணியத்தை எந்த மாத்திரையும் தராது.

இதுவரை சொன்னதை வைத்து, குழந்தையும் பாட்டியும் ஒருவருக்கொருவர் மருந்து என்று முடித்துவிட்டால் அது பொய்யாகும். இந்த நோயின் கடினமான பக்கத்தைப் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். தான் எங்கோ மறைத்து வைத்த சுருக்குப்பையைக் காணோம் என்று ஆயா தேடுவார். பேரன் திருடிவிட்டான் என்பார். அக்கம்பக்கத்தில் போய்ச் சொல்லுவார். திருட்டுப் பழி இந்த நோயின் மிகச் சாதாரணமான அறிகுறிகளில் ஒன்று. பத்து வயதுப் பையனுக்கு அது எப்படித் தெரியும்? ஊர் அவனைத் திருடன் என்று நினைக்கிறது, அதைச் சொன்னது அவன் மிகவும் நேசிக்கும் ஆள். பொழுது சாய்ந்தால் குழப்பம் கூடும். "எங்க ஊட்டுக்குப் போகணும்" என்று ஆயா தன் சொந்த வீட்டில் நின்றுகொண்டே கிளம்புவார். மொரப்பூர் மாதிரி ஊரில் அப்படிக் கிளம்பினால் ரயில் பாதை பக்கத்திலேயே இருக்கிறது. விறகடுப்பு எரிகிறது, கேஸ் திறந்திருக்கிறது. ராத்திரி ஆயா எழுந்து தாழ்ப்பாளைத் திறந்தால் விழித்துக்கொள்ள வேண்டியது யார்? கூடப் படுத்திருக்கும் பிள்ளைதான். அரைத்தூக்கத்தில் வகுப்பில் உட்காரும் அந்தப் பிள்ளையை ஆசிரியர் சோம்பேறி என்று நினைக்கக்கூடும். பெண் குழந்தையாக இருந்தால், எட்டாவது முடித்ததும் படிப்பை நிறுத்தி ஆயாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் பேச்சும் எழும்.

உயிரோடு இருக்கிறார், ஆனால் இல்லை என்ற வகைத் துக்கத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் 1970களிலிருந்து எழுதிவருகிறார். செத்தவருக்கு அழலாம், பதினாறாம் நாள் காரியம் உண்டு, ஊர் துக்கம் விசாரிக்க வரும். கண்முன் உட்கார்ந்திருக்கும் ஆயா தன்னை மறந்துவிட்டார் என்பதற்கு எந்தச் சடங்கும் இல்லை, விசாரிக்க யாரும் வருவதில்லை. பெரியவர்களே திணறும் இந்தத் துக்கத்தைக் குழந்தை தனக்குத்தானே விளக்கிக்கொள்ளப் பார்க்கிறது. பெரும்பாலும் தவறாக விளக்கிக்கொள்கிறது: நான் சேட்டை செய்ததால் ஆயாவுக்கு இப்படி ஆயிற்று.

பேரப்பிள்ளைகளையே நேராகக் கேட்ட ஆய்வுகள் குறைவு. ஸ்பெயினில் பார்சிலோனா ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஒன்று பரவலாக எடுத்துக்காட்டப்படுகிறது. மறதி நோயுள்ள பாட்டி, தாத்தாவைக் கொண்ட பதின்வயதினர் அந்த அனுபவத்திலிருந்து தாங்கள் கற்றுக்கொண்டதைச் சொன்னார்கள். இதை வைத்து, இந்த அனுபவம் பிள்ளைகளைப் பக்குவப்படுத்துகிறது என்று எழுதுபவர்கள் உண்டு. நான் அதை அப்படியே இங்கே கொண்டுவர மாட்டேன். அங்கே பராமரிப்பது பெற்றோர், பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கிறது. மொரப்பூர் வீட்டில் நடுவில் இருக்க வேண்டிய தலைமுறை திருப்பூரில் இருக்கிறது. பார்த்துப் பக்குவப்படுவதற்கும் பாரத்தைச் சுமப்பதற்கும் உள்ள தூரத்தை நான் பார்த்த எந்த ஆய்வும் சரியாக அளக்கவில்லை. இந்தத் துறையின் பெரிய குறை அதுதான் என்பது என் எண்ணம்.

சினிமாவும் நமக்கு அதிகம் உதவவில்லை. 2015இல் வந்த 'ஓ காதல் கண்மணி'யில் நோயாளியைத் தாங்குவது கணவர். 2018இல் வந்த '60 வயது மாநிறம்' படத்தில் அப்பாவைத் தேடி அலைவது வளர்ந்த மகன். இரண்டுமே பரிவோடு எடுக்கப்பட்டவை, ஆனால் அந்த வீட்டுக் குழந்தையின் பக்கம் கேமரா திரும்பவில்லை.

என்ன செய்யலாம்? முதலில் ஆஸ்பத்திரி. எல்லா மறதியும் அல்சைமர் இல்லை. தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவற்றாலும் நினைவு தடுமாறும், சிகிச்சை கொடுத்தால் தேறும். இரண்டே நாளில் திடீரென்று புத்தி தடுமாறினால் சிறுநீர்த் தொற்றாகக்கூட இருக்கலாம். "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடும் வீட்டில் குணமாகக்கூடியதும் குணமாகாமல் போகிறது. 2024இல் லான்செட் மருத்துவ இதழின் குழு, மறதி நோய்க்கு வழிசெய்யும் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. எல்லாவற்றையும் சரிசெய்தால் ஏறக்குறைய 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, காது கேளாமை, பார்வைக் குறைவு, தனிமை, குடி, புகை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மொரப்பூர்க்காரர்களுக்குத் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டும் தூரம்தான். நரம்பியல் ஆலோசனைக்குப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்குப் போகிறவர்களும் உண்டு.

வீடு தேடி வரும் ஏற்பாடும் நம்மிடம் இருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கியது பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுவரும் அந்தப் பெண் பணியாளர் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் போதும். அதுவும் வீட்டில் இருக்கும் பிள்ளையிடம்: "கண்ணு, ஆயா முன்ன மாதிரி இருக்காங்களா, ஏதாச்சும் மாறியிருக்கா?" போன மாதம் கொடுத்த அட்டையில் மாத்திரை அப்படியே இருக்கிறதா, ஒரே நாளில் நாலு போயிருக்கிறதா என்று பார்ப்பதும் ஒரு பரிசோதனைதான்.

சட்டம் இந்த இடத்தில் விசித்திரமாக நிற்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்காக 2007இல் வந்த சட்டம், பிள்ளைகள் என்ற வரையறைக்குள் பேரனையும் பேத்தியையும் சேர்க்கிறது, வயதுக்கு வராதவர்களை மட்டும் விலக்குகிறது. சிறு பிள்ளைமேல் கடமையைச் சுமத்தக் கூடாது என்பது நியாயமே. ஆனால் நடைமுறையில் அந்தக் கடமையைச் செய்துகொண்டிருக்கும் சிறு பிள்ளைக்கு என்ன உதவி என்று அந்தச் சட்டமும் பேசவில்லை, குழந்தைகளுக்கான திட்டங்களும் பேசவில்லை. முதியோருக்கு 14567, குழந்தைகளுக்கு 1098 என்று தனித்தனி உதவி எண்கள் இருக்கின்றன. இருவரும் ஒரே வீட்டில், ஒருவருக்கொருவர் ஒரே துணையாக இருக்கும்போது எந்த எண்ணைக் கூப்பிடுவது?

பள்ளிக்கூடம் இன்னும் அதிகம் செய்யலாம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு மாநிலம் முழுக்க அரசு தொடக்கப்பள்ளிகளுக்கு வந்தது. அடுப்பு பற்றவைப்பதே ஆபத்தாகிவிட்ட வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்த உப்புமாவும் கிச்சடியும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இந்தக் கோணத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் அது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாவதுக்குப் போன பிள்ளை காலையில் வெறும் வயிற்றோடு வருகிறதா என்று ஆசிரியர்தான் பார்க்க வேண்டும். ஜப்பானில் மறதி நோயாளிகளுக்குத் துணைநிற்பதற்கான குறுகிய பயிற்சியை 2005இல் தொடங்கினார்கள். பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஒரு கோடிக்கு மேற்பட்டோர் அதில் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். ஒன்றரை மணி நேர வகுப்புக்கு நம் ஊர்ப் பள்ளியில் இடமில்லாமல் போகாது. தெருவில் திகைத்து நிற்கும் தாத்தாவைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைகள், என்ன செய்வது என்று தெரியாததால்தான் சிரிக்கிறார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதில் முதன்மையானது பிள்ளையிடம் உண்மையைச் சொல்வது. காத்துக் கருப்பு பிடித்துவிட்டது, மந்திரித்தால் சரியாகிவிடும் என்று சொன்னால், சரியாகாதபோது குழந்தை ஆயாவைக் கண்டே பயப்படும். சொல்ல வேண்டியது அதிகமில்லை. ஆயாவுக்கு மூளையில் ஒரு நோய். ஞாபகம் வைக்கிற இடம் பழுதாகிவருகிறது. நீ ஒன்றும் செய்யவில்லை. இது ஒட்டுவாரொட்டி இல்லை. உன் பெயரை மறந்தாலும் உன்மேல் கோபமில்லை. திருடன் என்று ஆயா சொன்னால் அது நோய் சொல்வது, நாங்கள் நம்ப மாட்டோம். கடைசி வாக்கியத்தை அக்கம்பக்கத்தார் காதில் விழும்படியே பெற்றோர் சொல்ல வேண்டும். "உனக்கும் வருமா" என்று பிள்ளை பெற்றோரைக் கேட்டால், வயதான காலத்தில் வரும் இந்த நோய் பெரும்பாலும் அப்படி நேராகப் பிள்ளைகளுக்கு இறங்குவதில்லை என்பதையும் சொல்லலாம். சின்னப் பிள்ளைக்கு இது போதும். பெரிய பிள்ளை இன்னும் கேட்கும், அப்போது இன்னும் சொல்லலாம்.

இன்னொன்று. செத்துப்போன தாத்தா சாப்பிட வரவில்லையே என்று ஆயா கேட்கும்போது, "அவர்தான் செத்துட்டாரே" என்று பெரியவர்கள் ஒவ்வொரு முறையும் திருத்துகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஆயாவுக்கு அது புதிய சாவு. பிள்ளைகள் பெரும்பாலும் இயல்பாகவே, "வருவாரு ஆயா, நீ சாப்பிடு" என்று சொல்லிவிடுகிறார்கள். பொய் சொல்லாதே என்று பிள்ளையைக் கண்டிக்காமல், அதனிடம் இதைப் பெரியவர்கள் கற்றுக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு வழக்கத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். நோய் முற்றியதும் நம் குடும்பங்களில் முறை வைப்பார்கள். மூத்தவன் வீட்டில் ஒரு மாதம், இளையவன் வீட்டில் ஒரு மாதம், மகள் வீட்டில் கொஞ்ச நாள். அண்ணன் தம்பிக்குள் சுமை சமமாகப் பங்கிடப்படுகிறது என்ற நியாயம் அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மறதி நோயாளிக்கு இதைவிடக் கெடுதலான ஏற்பாடு இருக்க முடியாது. பழகிய வீட்டில் கக்கூசுக்குக் கால் தானாகப் போகும். தண்ணீர்ப்பானை எங்கே என்று கைக்குத் தெரியும். பெங்களூர் புறநகரில் மகன் தங்கியிருக்கும் ஒற்றை அறைக்கோ தகரக் கொட்டகைக்கோ கொண்டுபோய் விட்டால், மிச்சமிருந்த பிடிமானமும் போய், சரிவு வேகமாகிவிடக்கூடும். பக்கத்து அறைக்காரர்களுக்கு அவர் யார் என்று தெரியாது. கதவைத் திறந்து வெளியே போனால் திருப்பிக் கூட்டிவர ஊர் இல்லை.

பேரப்பிள்ளை நிலைமை இன்னும் மோசம். ஆயாவை அனுப்பிய பிறகு, ஊரில் இனி யார் பார்த்துக்கொள்வார்கள் என்று பிள்ளையை அரூரிலோ தர்மபுரியிலோ விடுதியில் சேர்க்கிறார்கள். இரண்டு பேரையும் ஒரே வாரத்தில் பிடுங்கி வேறு வேறு இடத்தில் நடுவது போலத்தான் அது. ஆயா எங்கே, எப்போது வருவார், என்னை நினைக்கிறாரா என்று பிள்ளை கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. சாவுச் செய்தி வரும்போதுதான் அடுத்த முறை பார்க்கிறது.

முறையைப் பணத்திலும் நாளிலும் வைத்துக்கொள்ளலாமே. ஆயா மொரப்பூர் வீட்டிலேயே இருக்கட்டும். மகன்களும் மகளும் மாற்றி மாற்றி அங்கே வந்து தங்கட்டும், வர முடியாதவர் அந்த மாதச் செலவைக் கொடுக்கட்டும். முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதோடு ஆளுக்குக் கொஞ்சம் போட்டால், பகலில் ஆயாவோடு இருக்கவும் ராத்திரி துணைக்குப் படுக்கவும் தெருவிலேயே ஒரு பெண்மணியை அமர்த்திவிடலாம். தாழ்ப்பாளை உயரத்தில் வைக்கலாம், கேஸுக்கு வெளியே வால்வு போடலாம், ஆயாவின் கைவளையத்திலோ கழுத்துக் கயிற்றிலோ ஊர்ப் பெயரும் போன் நம்பரும் உள்ள தகட்டைக் கட்டலாம். ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்காரர்களிடம் இவர் எங்கள் ஆயா, தண்டவாளப் பக்கம் வந்தால் நிறுத்தி வையுங்கள் என்று சொல்லி வைக்கலாம். பேத்தி பள்ளிக்கூடம் போகட்டும், ராத்திரி தூங்கட்டும், விளையாடட்டும். சாயங்காலம் வந்து ஆயாவோடு திண்ணையில் உட்காருவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.